படி ஏறினால் மூச்சு முட்டுகிறது, பரிசோதனையில் ஒன்றுமில்லை என்கிறார்கள்: யாருக்காவது இப்படி இருந்ததா?

மேட்டுக்காடு (சுங்கை சிப்புட்), முதல் பதிவு

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 47. மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு செம்பனைத் தோட்டத்தில் வெளிக்காட்டு மேற்பார்வை வேலை பார்க்கிறேன். விடியுமுன் பெரட்டில் (ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் எடுக்கும் இடத்தில்) நின்றால், அதன் பிறகு நண்பகல் வரை மேடும் பள்ளமுமாக நடைதான். செவ்வாய், வெள்ளி இரவுகளில் பூப்பந்து ஆடுகிறேன். புகைக்கும் பழக்கமும் குடிப்பழக்கமும் இல்லை. இனிப்பு நீரும் (நீரிழிவு) இரத்த அழுத்தமும் இல்லை.

சென்ற ஆண்டு தைப்பூசத்தில் பால்குடம் ஏந்திப் பத்துமலையின் 272 படிகளையும் நிற்காமல் ஏறினேன். இந்த ஆண்டு மூன்று இடங்களில் நின்றுவிட்டேன். மூன்றாவது முறை நின்றபோது, பின்னால் வந்த ஒரு பாட்டி தோளைத் தொட்டு, "உட்காருப்பா, முருகன் எங்கேயும் போயிட மாட்டான்" என்றார். பூப்பந்தில் இரண்டாம் ஆட்டத்தின் நடுவிலேயே வலைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. வீட்டுக்கு வந்தால் காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் உறங்கிவிடுகிறேன்.

பட்டணத்தில் ஒரு தனியார் கிளினிக்குக்கு மூன்று முறை சென்றேன். இதயத் துடிப்பை வரைந்து பார்த்தார்கள், நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 99 என்று காட்டியது. எல்லாம் நன்றாக இருப்பதாகவும் வேலைப் பளுதான் காரணம் என்றும் சொல்லி, மூன்று முறையும் வைட்டமின் ஊசி போட்டு அனுப்பினார்கள். மனைவி வயதைக் காரணம் காட்டுகிறார். ஒரே ஆண்டில் இவ்வளவு வயதாகிவிடுமா என்பதுதான் என் கேள்வி.

ஈயக்குட்டை (கம்பார்)

எனக்கு இதே போன்ற மூச்சுத் திணறல் 2019ஆம் ஆண்டுப் புகைமூட்டத்தின்போது தொடங்கியது. ஆஸ்துமா சிறுவயதில்தான் வரும் என்று நினைத்திருந்தேன், 40 வயதுக்கு மேலும் வரும் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஓடும்போது சும்மா இருந்துவிட்டு, ஓடி நின்ற சில நிமிடங்களில் நெஞ்சு இறுகி இருமல் வந்தால் அதைச் சந்தேகிக்கலாம். எக்ஸ்ரேயில் இது தெரியாது. குழாயில் வேகமாக ஊதச் சொல்லி அளக்கும் பரிசோதனையில்தான் பிடிபடும். உங்களுக்கு இருமலோ இரவில் இழுப்போ இருக்கிறதா?

காலைநடை (தைப்பிங்)

இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு செய்தி. எனக்கு பிசோப்ரோலால் அளவைக் கூட்டியபோது நாடித்துடிப்பு 46க்கு இறங்கி, கோயில் வாசல் மூன்று படி ஏறுவதற்கே மூச்சு வாங்கியது. மருத்துவர் அளவைக் குறைத்ததும் சரியானது. நாமாக நிறுத்தக்கூடாத மாத்திரை அது. நாடியை எண்ணிக்கொண்டு போய்ச் சொல்லுங்கள்.

கங்சார் டீச்சர் (கோலகங்சார்)

சகோதரரே, தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருந்திருப்பீர்கள் அல்லவா? சைவ உணவில் பி12 வைட்டமின் மிகக் குறைவு. என் அம்மாவுக்குக் கால் மரத்துப்போய், நாக்கு வழவழவென்று சிவந்து, வீட்டு வாசலைக் கூட்டுவதற்குள் இளைத்துவிடும் நிலை வந்தது. அவர் பல ஆண்டுகளாகச் சைவம், அத்துடன் 11 ஆண்டுகளாக இனிப்பு நீருக்கு மெட்ஃபோர்மின் எடுப்பவர். அந்த மாத்திரையும் நீண்ட காலத்தில் பி12 உடலில் சேருவதைக் குறைக்கும் என்று அரசாங்க கிளினிக்கில் ஒரு பெண் மருத்துவர் கண்டுபிடித்து ஊசி தொடங்கினார். உங்களுக்கும் அதுவாக இருக்கலாம்.

பழைய டிரெஸ்ஸர் (ஓய்வு, சுங்கை சிப்புட்)

தம்பிக்கு வணக்கம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தோட்ட ஆஸ்பத்திரிகளில் டிரெஸ்ஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவர் அல்லன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் உங்களைப் பிறரோடு ஒப்பிடாமல், சென்ற ஆண்டின் உங்களோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள். அதுதான் சரியான அளவுகோல். உழைத்துப் பழகிய உடம்பில் நோய் மறைந்திருக்கும். சாதாரண மனிதர் பத்துப் படியில் நிற்கும் நிலையில், உழைப்பாளி நூறு படி ஏறிவிடுவார். பார்ப்பவருக்கு அவர் நலமாகத்தான் தெரிவார். கிளினிக்கிலும் நாற்காலியில் உட்கார வைத்துத்தானே பார்க்கிறார்கள்.

டீச்சர் அம்மா சொன்னது அவர் தாயாருக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் 48 நாள் விரதத்தால் பி12 தீர்ந்துவிடாது. கல்லீரலில் அதன் சேமிப்பு சில ஆண்டுகளுக்கு வரும். வேறொன்றைத்தான் நான் சந்தேகிக்கிறேன். இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் எவ்வளவு என்று உங்கள் பதிவில் எங்கும் இல்லையே, பார்த்தார்களா?

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பால்மரக் (ரப்பர்) காட்டில் வெறுங்காலோடு நடந்த தொழிலாளர்களைக் கொக்கிப்புழு பிடித்திருந்தது. மண்ணிலிருந்து பாதத்தின் தோல் வழியாக ஏறிக் குடலில் கடித்துத் தொங்கும் புழு அது. ஒரு புழு ஒரு நாளில் குடிப்பது துளி இரத்தம்கூட இல்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆளையே வெளுக்க வைத்துவிடும். அந்த நிலையிலும் அவர்கள் விடியலில் பால் வெட்டப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள், ஏனென்றால் இரத்தம் மெல்ல மெல்லக் குறையும்போது உடம்பு அதற்குப் பழகிக்கொள்ளும். பெரட்டில் வரிசையாக நிற்க வைத்துக் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பது எனக்குப் பழக்கம். உட்புறம் செம்பருத்தி மொட்டுப்போல் இருக்க வேண்டும். வாழைத்தண்டுபோல் வெளுத்திருந்தால், அந்த ஆளை வேலைக்கு அனுப்பமாட்டேன்.

நாளைக் காலை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று பாருங்கள். எழுந்தவுடன் படுக்கையிலேயே நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். மலத்தின் நிறம், எடை குறைந்ததா என்பது, இரவில் வியர்க்கிறதா, படுத்தால் மூச்சு முட்டித் தலையணையை உயர்த்துகிறீர்களா, ஒரு கால் மட்டும் வீங்கியிருக்கிறதா என்பவற்றை எழுதுங்கள். கடைசியாக, எந்த மாத்திரையாக இருந்தாலும், கடையில் வாங்கியதாக இருந்தாலும், ஒன்று விடாமல் சொல்லுங்கள்.

பால்மரத்து மகள் (பீடோர்)

டிரெஸ்ஸர் ஐயா கேட்பதற்கு விடை வரும் முன்பு நான் ஒன்றை எழுதிவிட வேண்டும், ஏனென்றால் "ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிய செய்தியைப் படித்ததும் என் கை நடுங்கியது.

என் அப்பா செம்பனைக் குலை அறுத்தவர். 52 வயதிலும் நீண்ட அரிவாள் கம்பைத் தூக்கி ஒரு நாள் முழுக்க நிற்பார். ஒரு மாதமாகச் சாமான் தூக்கினாலே களைப்பு என்றார். நெஞ்சு வலிக்கவே இல்லை. மூச்சு வாங்கியது, சில நாட்களில் தாடை கடுத்தது, அவ்வளவுதான். ஒரு கிளினிக்கில் காற்று என்று சொல்லி வயிற்றுப் புண்ணுக்கு மருந்து கொடுத்தார்கள். அம்மா ஓமம் காய்ச்சிக் கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை குளிக்கப் போனவர், குளியலறைக் கதவைச் சாத்தியபடியே விழுந்து கிடந்தார். வாளியில் தண்ணீர் நிரம்பி வழிந்துகொண்டிருந்த சத்தம் கேட்டுத்தான் போய்ப் பார்த்தோம்.

அப்பாவுக்கு இனிப்பு நீர் இருந்தது. இனிப்பு நீர் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் இதயக் குழாய் அடைப்பு வலியாக வராமல், களைப்பாகவும் மூச்சிரைப்பாகவும் மட்டுமே வரக்கூடும் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம். 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, இனவாரியாக இந்தியர்களிடையேதான் மிக அதிகம். ஓய்வில் படுக்க வைத்து வரையும் இதயப் படம் சரியாக இருந்தால் குழாயில் அடைப்பு இல்லை என்று பொருளாகாது. நடக்க வைத்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள் அண்ணன். நடக்கும்போது நெஞ்சோ தாடையோ இடது கையோ இறுகினால், திடீரென்று மூச்சு அடைத்தால், வியர்த்துக் கொட்டினால் 999க்கு அழையுங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

மேட்டுக்காடு

உங்கள் அப்பாவைப் பற்றிப் படித்து வெகு நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை தங்கச்சி. என் பெற்றோர் இருவருக்குமே இனிப்பு நீர் உண்டு, ஆகவே நீங்கள் சொன்னதை அப்படியே மருத்துவரிடம் சொல்வேன்.

ஐயா, இருமல் இல்லை, இரவு வியர்வை இல்லை, எடை குறையவில்லை. ஒரே தலையணைதான். கால் வீக்கம் இல்லை. முன்பு காலையில் என் நாடி 58 அளவில் இருக்கும், இன்று 88. கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். மனைவியின் இமையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு தெரிந்தது. நீங்கள் சொன்ன வாழைத்தண்டு நிறம்தான்.

மாத்திரை என்று கேட்டதால் சொல்கிறேன். முழங்கால் வலிக்காக ஓர் ஆண்டாகப் பூப்பந்து நாட்களில் டைக்லோஃபெனாக் எடுக்கிறேன். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய மூட்டுவலி ஜாமு (நாட்டு மூலிகை) மாத்திரையையும் ஏழெட்டு மாதங்களாகத் தினமும் போடுகிறேன். அதைப் போட்டால் மறுநாளே வலி பறந்துவிடும் என்பதால் விடவில்லை. மலம் சில நாட்களில் கறுப்பாக இருந்தது, கீரை சாப்பிட்டதால் என்று நினைத்தேன்.

இன்னொன்று, இது தொடர்புடையதா என்று தெரியவில்லை. இரண்டு மாதங்களாக ஐஸ் மெல்லும் ஆசை அடங்கவில்லை. தே ஓ ஐஸ் குடித்து முடித்து, குவளையில் உள்ள ஐஸ் முழுவதையும் கடித்துத் தின்றுவிட்டு, கடைக்காரரிடம் இன்னும் கொஞ்சம் கேட்கிறேன். பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள்.

பழைய டிரெஸ்ஸர்

தொடர்பு இருக்கிறது தம்பி. இரும்புச்சத்து தீர்ந்தவர்களுக்கு ஐஸ், மண், பச்சரிசி இவற்றை மெல்லும் ஆசை வரும். பிள்ளைத்தாய்ச்சிகள் அடுப்புச் சாம்பலைத் தின்றதை தோட்டத்து லயத்து வீடுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

விரல் கருவி 99 என்று காட்டியதே என்று ஏமாந்துவிடாதீர்கள். இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை பங்கு ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கிறது என்பதை அது காட்டாது. ஒரு கிராம் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1.34 மில்லிலிட்டர் ஆக்சிஜனைச் சுமக்கும். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 15 கிராம் இருந்தால் 20 மில்லிலிட்டர், 8 கிராம் இருந்தால் 11 மில்லிலிட்டர்கூட இல்லை. பாதி லாரிகள் இல்லாத தோட்டத்தில் மீதி லாரிகள் நிறைமூட்டையோடு ஓடினாலும் பழம் ஆலைக்குப் போய்ச் சேராது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் உங்கள் இதயம் 58க்குப் பதிலாக 88 முறை துடிக்கிறது. மேடு ஏறும்போது இன்னும் கூட்ட அதனிடம் மிச்சம் குறைவு.

நாளையே அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். செலவு மிகக் குறைவு. முழு இரத்தப் பரிசோதனையும், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவும் வேண்டும் என்று சொல்லுங்கள். கறுப்பு மலம் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். தார்போல் ஒட்டிக்கொண்டு துர்நாற்றம் அடிக்கும் மலம் போனாலோ, எழும்போது தலை சுற்றி விழப் போனாலோ, கிளினிக்கில் எண் வாங்கிக் காத்திருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டைக்லோஃபெனாக் இனி வேண்டாம், அந்த வலி மாத்திரையால் புண் வரலாம். அந்த ஜாமுவைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

லயத்துப்பிள்ளை (சுங்கை சிப்புட்)

இரத்தம் குறைவு என்றால் இவ்வளவு பயமுறுத்த வேண்டியதில்லை என்று நினைக்கிறேன். என் பாட்டி முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்தே பலரைத் தேற்றியிருக்கிறார். மருந்துக் கடையில் இரும்பு டானிக் கிடைக்கிறது. இரண்டு மாதம் குடித்துப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மருத்துவரிடம் போகலாமே.

கங்சார் டீச்சர்

இதை மறுத்து எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். முருங்கைக்கீரை நல்ல உணவுதான், என் வீட்டிலும் வாரம் இருமுறை உண்டு. ஆனால் தொட்டியில் தண்ணீர் குறைந்தால், ஊற்றுவதற்கு முன் ஓட்டையைத் தேட வேண்டாமா? மாதவிடாய் இல்லாத ஓர் ஆணுக்கு இரும்புச்சத்து தீர்ந்துபோனால், அது எங்கோ கசிந்துகொண்டிருக்கிறது என்பதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். அந்தக் கசிவு புண்ணாகவும் இருக்கலாம், குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டு மாத டானிக்கில் முகம் தெளிந்துவிடும், உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டிருக்கும்.

பழைய டிரெஸ்ஸர்

டீச்சர் அம்மா சொன்னதற்கு ஒரு கணக்கைச் சேர்க்கிறேன். உணவிலிருந்து உடம்பு ஒரு நாளில் எடுத்துக்கொள்ளும் இரும்பு 1 முதல் 2 மில்லிகிராம்தான். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போய்விடும். இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லிலிட்டர் இரத்தம் நாள்தோறும் குடலில் கசிந்தால் 5 மில்லிகிராம் இழப்பு. கண்ணுக்குச் சிவப்பாகத் தெரியாத இந்தக் கசிவை எந்தக் கீரையாலும் ஈடுகட்ட முடியாது.

மேலும், சிவப்பணு சிறுத்திருந்தால் அது தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறாகவும் இருக்கலாம். நம் நாட்டில் பலர் அதை அறியாமலே சுமக்கிறார்கள். அவர்களுக்கு ஃபெரிட்டின் குறைந்திருக்காது, தேவையில்லாமல் இரும்பைக் குடிப்பது நல்லதன்று. ஆகவே அளந்து பார்த்த பிறகே டானிக்.

மேட்டுக்காடு, 4 நாட்களுக்குப் பின்

ஹீமோகுளோபின் 7.6, ஃபெரிட்டின் 6. ஆண்களுக்கு 13க்குக் கீழ் போனாலே சோகை என்றார் மருத்துவர். காகிதத்தை மேசையில் திருப்பி வைத்து, "இந்த அளவோடு நீங்கள் பூப்பந்து ஆடியிருக்கிறீர்களா?" என்று கேட்டார். அன்று பிற்பகலே ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்தார். அங்கே இதயப் படத்தை மீண்டும் எடுத்து, இதயத்துக்கு ஸ்கேனும் செய்தார்கள். தங்கச்சி கேட்டுக்கொண்டபடி குடும்ப வரலாற்றைச் சொன்னேன். இரத்த அளவு கூடிய பிறகு நடைப் பரிசோதனைக்கு நாள் குறிப்பதாகச் சொன்னார்கள், இந்த நிலையில் ஓட வைப்பது ஆபத்தாம். இரத்தம் ஏற்றாமல் நரம்பு வழியாக இரும்பு மருந்து ஏற்றினார்கள்.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்ததில், சிறுகுடலின் தொடக்கத்தில் ஒரு புண். எச். பைலோரி கிருமியும் இருக்கிறது. கிருமியும் வலி மாத்திரையும் சேர்ந்தால் புண் வரும் வாய்ப்பு பன்மடங்கு என்றார்கள். பெருங்குடலையும் பார்த்தே ஆக வேண்டும் என்று நாள் கொடுத்திருக்கிறார்கள். மேலே ஒரு காரணம் கிடைத்ததால் கீழே பார்க்காமல் விடுவது சரியன்று என்பது அவர்கள் வாதம்.

பழைய டிரெஸ்ஸர்

சரியான வாதம். எங்கள் காலத்தில் வயிற்றுப் புண் என்றால் மிளகாயையும் கவலையையும் குற்றம் சொல்லி, பாலும் சுண்ணாம்பு மருந்தும் கொடுப்போம். அதே ஆள் மூன்று மாதத்தில் மீண்டும் வருவார். ஆஸ்திரேலியாவில் பேரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இருவர் இந்தக் கிருமியைக் காட்டிய பிறகுதான் புண்ணைக் கிருமிக்கொல்லி மருந்தால் ஆற்ற முடியும் என்று ஆனது. நம்ப மறுத்தவர்களுக்காக மார்ஷல் 1984இல் அந்தக் கிருமியைத் தாமே குடித்துக் காட்டினார், 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நான் திருப்பி அனுப்பிய அந்த ஆட்களின் முகங்கள் இன்னும் எனக்கு நினைவில் இருக்கின்றன.

அந்த ஜாமு என்னவாயிற்று? மறுநாளே வலி பறக்கும் ஜாமுவில் டெக்சாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்து விற்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை பிடித்திருக்கிறது. அப்படிப்பட்டதை மாதக்கணக்கில் தினமும் எடுத்துவிட்டுத் திடீரென்று விட்டால், உடம்பு தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். அப்போது வரும் அயர்வு ஆளையே சாய்த்துவிடும். இதையும் சொன்னீர்களா?

மேட்டுக்காடு

சொன்னேன் ஐயா. பெட்டியைக் கொண்டு போனதால் மருந்தாளர் திருப்பிப் பார்த்தார். பதிவெண் இருக்க வேண்டிய இடத்தில் எம்ஏஎல் என்று தொடங்கும் எண் இல்லை, ஹோலோகிராம் ஒட்டியும் இல்லை. காலை நேர இரத்தத்தில் உடம்பின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசால் அளவு பார்த்தார்கள், குறைவாக இருந்ததால் மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். பெட்டியை அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

லயத்துப்பிள்ளை

நான் சொன்ன டானிக் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். என் மாமா இதே ஜாமுவைத்தான் வாங்குகிறார் என்று நினைக்கிறேன். இன்று மாலை அவர் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பார்க்கிறேன். இரும்பு மாத்திரையை எப்படி எடுப்பது என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.

கங்சார் டீச்சர்

வெறும் வயிற்றில், தேநீரும் காப்பியும் பாலும் இல்லாமல், கொய்யாவோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். சோற்றுக்குப் பின் தே தாரிக் குடிக்கும் பழக்கம் இரும்பைத் தடுத்துவிடும், ஓரிரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். வயிற்றைப் புரட்டினால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். மலம் கறுக்கும், அது மாத்திரையால். இரத்த அளவு சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதமாவது தொடர வேண்டும்.

மேட்டுக்காடு, 9 வாரங்களுக்குப் பின்

கேட்டவர்களுக்காக எழுதுகிறேன். ஹீமோகுளோபின் 12.4. காலை நாடி 64. கிருமி மருந்து முடித்து, மூச்சை ஊதிப் பார்க்கும் பரிசோதனையில் கிருமி போய்விட்டது தெரிந்தது. பெருங்குடலில் ஒன்றுமில்லை. நடைப் பரிசோதனையில் ஒன்பது நிமிடம் நடந்தேன், இதயப் படத்தில் மாற்றம் இல்லை. ஐஸ் ஆசை, இரும்பு ஏற்றிய இரண்டாம் வாரமே நின்றுவிட்டது. முழங்கால் வலி இருக்கிறது, அதற்கு இப்போது தொடைத் தசைப் பயிற்சி செய்கிறேன்.

பால்மரத்து மகள்

அண்ணன் எழுதியதை என் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். அவனுக்கு 38 வயது, அப்பா செய்த அதே வேலை. இரண்டு மாதமாகக் களைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவன், மருத்துவரிடம் போக மறுத்துவந்தான். நேற்றுக் காலை அவனே வண்டியை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போனான். இரத்தத்தில் சர்க்கரை 11.8 இருக்கிறது, இனிப்பு நீர்தான். புதன்கிழமை நடைப் பரிசோதனைக்கு ஈப்போவுக்குக் கூட்டிச் செல்கிறேன்.